எல்லா டிஸ்க்கும் ஒரே மணி நேரத்தில் சாகுமா? ‘சர்வர் டவுன்’ பின்னால் இருக்கும் எஸ்எஸ்டி சிக்கல்: விரிவான விளக்கம்

பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று, வருமானச் சான்றிதழ் என எதற்குப் போனாலும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்தப் பதில் காதில் விழும். "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க." செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கம் இருக்கிற சீயமங்கலம் மாதிரி ஊர்களில் இருந்து வருபவருக்கு இதன் விலை ஒருநாள் கூலியும் பஸ் செலவும்.

பெரும்பாலான நேரம் ‘சர்வர் டவுன்’ என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. இன்டர்நெட் லைன் போயிருக்கும், ஒரே நேரத்தில் கூட்டமாக உள்ளே நுழைந்திருப்பார்கள், இல்லையென்றால் சாஃப்ட்வேரில் ஏதோ மாற்றிக்கொண்டிருப்பார்கள். சில மணி நேரத்தில் சரியாகிவிடும். தகவல் அதே இடத்தில்தான் இருக்கும்.

ஆனால், தகவலைத் தாங்கி நிற்கும் டிஸ்க்கே போய்விட்டால்? அப்போது ‘எப்போது வரும்?’ என்ற கேள்வி ‘வருமா?’ என்று மாறிவிடும். இன்றைக்கு முக்கியமான சர்வர்களில் அந்த டிஸ்க் பெரும்பாலும் எஸ்எஸ்டி. வேகமானது, சத்தம் போடாது, கரண்ட் குறைவாகச் சாப்பிடும். ஆனால் அது சாகிற விதம் பழைய ஹார்டு டிஸ்க் மாதிரி இல்லை. அங்கேதான் பல அலுவலகங்கள் ஏமாந்து போகின்றன.

கல்லும் கரண்டும்

ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றும். சாகப்போகிறது என்றால் பல நேரம் முன்கூட்டியே ‘டக் டக்’ என்று சத்தம் வரும், வேகம் குறையும். அனுபவப்பட்டவர் காதை வைத்துக் கேட்டே கண்டுபிடித்துவிடுவார்.

எஸ்எஸ்டியில் சுற்றுவது எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைப்பதுதான் அதன் வேலை. எந்த அறையில் என்ன இருக்கிறது என்ற கணக்கை ‘கன்ட்ரோலர்’ என்ற சிப் பார்த்துக்கொள்கிறது. அந்த சிப்புக்கு வேலை சொல்லித் தரும் சாஃப்ட்வேருக்குப் பெயர் ‘ஃபார்ம்வேர்’. அறைகள் அப்படியே இருந்தாலும் கணக்குப்பிள்ளை மயங்கி விழுந்தால் மொத்த டிஸ்க்கும் காணாமல் போகும். எஸ்எஸ்டியில் நடக்கும் திடீர்ச் சாவுகளில் பல இந்த வகைதான்.

சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த ‘அவனிபாஜன பல்லவேஸ்வரம்’ என்ற குடைவரைக் கோயில் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்குத் தூணாண்டார் கோயில். அதன் தூணில் வெட்டிய கல்வெட்டு சுமார் 1,400 ஆண்டுகளாக அங்கேயே நிற்கிறது. யாரும் அதற்கு கரண்ட் கொடுக்கவில்லை. எஸ்எஸ்டி கதை வேறு. கரண்ட் இல்லாமல் கிடந்தால் அறைகளில் அடைத்த மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும். மெமரி சிப் தயாரிப்பாளர்கள் ஏற்றுக்கொண்ட ‘ஜெடெக்’ தரவிதி என்ன சொல்கிறது தெரியுமா? எழுதி எழுதித் தன் ஆயுள் கணக்கை முடித்துவிட்ட சர்வர் ரக எஸ்எஸ்டி, 40 டிகிரி வெப்பத்தில் கரண்ட் இல்லாமல் 3 மாதம் தகவலைக் காப்பாற்றினால் போதும். வீட்டு உபயோக ரகத்துக்கு 30 டிகிரியில் 1 வருடம்.

புது டிரைவ் இதைவிடப் பல மடங்கு தாங்கும், அதனால் பதற வேண்டியதில்லை. ஆனால் ‘பழைய சர்வரைக் கழற்றி பீரோவில் வைத்திருக்கிறோம், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்’ என்று நினைக்கும் அலுவலகங்களுக்கு இது எச்சரிக்கை. ஓலைச்சுவடி நைந்துபோகும் முன் புது ஓலையில் படி எடுத்து வைத்தார்களே, அந்த வேலை இதற்கும் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் பூட்டிய அறைக்குள் 40 டிகிரி என்பது பெரிய விஷயமே இல்லை.

32,768: ஒரு எண் செய்த வேலை

2019 நவம்பரில் ஹெச்பிஇ எனப்படும் ஹியூலெட் பேக்கார்டு என்டர்பிரைஸ் நிறுவனம் ஒரு அவசர அறிவிப்பு வெளியிட்டது. உலகம் முழுக்க டேட்டா சென்டர்களில் ஓடிக்கொண்டிருந்த அதன் ‘ப்ரோலயன்ட்’ உள்ளிட்ட சர்வர்களில் போடப்படும் சில எஸ்ஏஎஸ் ரக எஸ்எஸ்டிகள் பற்றியது. சாராம்சம் இதுதான்: டிரைவ் மொத்தம் 32,768 மணி நேரம் ஓடி முடித்ததும் செத்துவிடும். அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். செத்த பிறகு டிரைவையும் மீட்க முடியாது, உள்ளே இருந்த தகவலையும் மீட்க முடியாது.

தேய்மானம் இல்லை, சூடு இல்லை, மின்னல் இல்லை. கடிகாரம் ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தொட்டதும் சாவு.

ஏன் 32,768? கணினி படித்தவர்களுக்கு எண்ணைப் பார்த்ததும் பொறி தட்டியிருக்கும். 16 பிட் இடத்தில், கழித்தல் குறிக்கும் இடம் ஒதுக்கி எண்ணினால், எழுத முடிகிற மிகப் பெரிய எண் 32,767. அதற்கு அடுத்த எண்ணுக்கு இடமே இல்லை. பழைய பைக்கின் கிலோமீட்டர் மீட்டர் 99,999-க்குப் பிறகு 00000 என்று திரும்புமே, அதுபோல. பைக்குக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இந்த ஃபார்ம்வேர் அந்தத் திருப்பத்தில் குழம்பி நின்றுவிட்டது என்பதே பொறியாளர்கள் பலரும் ஊகித்த விளக்கம்.

தீர்வு? ‘ஹெச்பிடி8’ என்ற புது ஃபார்ம்வேர். சில நிமிட வேலை. அதை 32,768-வது மணி நேரத்துக்கு முன்னால் போட்டவர் தப்பித்தார்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு விபத்து என்று விட்டுவிடலாம். 2020 மார்ச்சில் ஹெச்பிஇ மறுபடியும் ஓர் அறிவிப்பு கொடுத்தது. இந்த முறை வேறு மாடல்கள், வேறு எண்: 40,000 மணி நேரம். 4 ஆண்டு, 206 நாள், 16 மணி நேரம். அதற்கு முந்தைய மாதமே டெல் நிறுவனமும் சான்டிஸ்க் தயாரித்த சில டிரைவ்களுக்கு இதேபோன்ற திருத்தத்தை வெளியிட்டிருந்தது. டெல் சொன்ன காரணம் புரோகிராம் எழுதும் எவருக்கும் பழக்கமானது. ஒரு பட்டியலின் கடைசி இடத்தைச் சரிபார்க்கும்போது ‘என்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘என் கழித்தல் ஒன்று’ என்று இருந்துவிட்டது. ஒன்று குறைஞ்சுபோச்சு. அவ்வளவுதான். சிஸ்கோவும் தன் வாடிக்கையாளர்களுக்கு இதே 40,000 மணி நேர எச்சரிக்கையைக் கொடுத்தது.

இன்னும் பின்னால் போனால், 2012 தொடக்கத்தில் க்ரூஷியல் நிறுவனத்தின் ‘எம்4’ டிரைவ்கள் 5,184 மணி நேரத்தைத் தாண்டியதும் கணினியை மணிக்கொரு தரம் முடக்கிக்கொண்டிருந்தன. அதற்கும் ஃபார்ம்வேர்தான் மருந்து. ஆக இது ஒரு கம்பெனியின் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது.

‘ரெய்டு போட்டிருக்கோம் சார்’

சர்வர் வைத்திருக்கும் எந்த அலுவலகத்திலும் கேட்டால் வரும் பதில் இது. ரெய்டு என்றால் பல டிஸ்க்குகளை ஒரே குழுவாகக் கட்டுவது. ஒன்று போனாலும் மற்றவற்றில் இருந்து தகவலைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். சில முறைகளில் இரண்டு போனாலும் சமாளிக்கலாம். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. டிஸ்க்குகள் தனித்தனியாக, வேறு வேறு நாளில் சாகும் என்ற நம்பிக்கை. சர்வர் எப்படி வாங்கப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே டெண்டர், ஒரே கம்பெனி, ஒரே பெட்டியில் வந்த 8 டிரைவ்கள். ஒரே நாளில் மாட்டி, ஒரே நிமிடத்தில் ஸ்விட்ச் போடுகிறார்கள். மணி நேரக் கணக்கு எட்டுக்கும் ஒன்றுதான். 32,768 வந்தால் எட்டுக்கும் சேர்ந்தே வரும். ஹெச்பிஇ அறிவிப்பிலேயே இந்த எச்சரிக்கை இருந்தது: ஒரே நேரத்தில் பயன்பாட்டுக்கு வந்தவை கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் செயலிழக்க வாய்ப்பு அதிகம்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2022 ஜூலை 8 அன்று, உலகம் முழுக்க மென்பொருள் துறையினர் தினமும் பார்க்கும் ‘ஹேக்கர் நியூஸ்’ தளம் பல மணி நேரம் முடங்கியது. முதன்மை சர்வரின் எஸ்எஸ்டிகள் போயின. சரி, மாற்று சர்வர் இருக்கிறதே என்று பார்த்தால், சில மணி நேரத்தில் அதன் எஸ்எஸ்டிகளும் போயின. இரண்டுக்கும் டிரைவ்கள் ஒரே காலத்தில் வாங்கியவை. 40,000 மணி நேரக் கோளாறுதான் காரணமாக இருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பேக்கப் தனியாக இருந்ததால் தளம் வேறு இடத்தில் உயிர் பெற்றது.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஒரே ரெய்டு குழுவில் இரண்டு கம்பெனி டிரைவ்களைக் கலப்பார்கள். இல்லையென்றால் சிலவற்றையாவது சில மாதம் கழித்து மாட்டுவார்கள். டெண்டர் விதிகளுக்கு இது பிடிக்காது, கணக்குத் தணிக்கையில் கேள்வி வரும். ஆனாலும் செய்யத் தகுந்த வேலை.

போனது டிஸ்க்கா, டிஸ்க் உட்கார்ந்த இடமா?

சரி, சர்வரில் எஸ்எஸ்டி ஒன்று திடீரென்று காணவில்லை. ஆரஞ்சு விளக்கு எரிகிறது. என்ன செய்ய வேண்டும்?

முதலில் செய்யக் கூடாததைச் சொல்ல வேண்டும். கையை வைக்கக் கூடாது. பதற்றத்தில் டிரைவ்களை ஒவ்வொன்றாக உருவி உருவி மாட்டுவதுதான் பல இடங்களில் பாதிச் சாவை முழுச் சாவாக்குகிறது. ரெய்டு குழுவில் ஏற்கெனவே ஒன்று போயிருக்கும்போது தவறுதலாக நல்ல டிரைவ் ஒன்றை உருவினால் கதை முடிந்தது.

அடுத்து, ரெய்டு கார்டின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். எந்த ஸ்லாட், எத்தனை மணிக்கு, என்ன பிழை என்று அதில் இருக்கும். டிரைவ் பட்டியலில் இல்லை என்பதாலேயே அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. டிரைவ் சொருகும் பின்பலகை, கேபிள், ரெய்டு கார்டு, பவர் சப்ளை எதுவாகவும் இருக்கலாம். ஒரே ஸ்லாட்டில் புது டிரைவ் போட்டும் அதே பிழை வந்தால் பழி ஸ்லாட் மேல். டிரைவை வேறு இயந்திரத்தில் போட்டும் பிழை கூடவே வந்தால் பழி டிரைவ் மேல். சாதாரணமாகத் தோன்றும் இந்தச் சோதனையைச் செய்யாமலேயே நல்ல டிரைவ்களைக் குப்பையில் போட்ட கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம்.

பிறகு ‘ஸ்மார்ட்’ ரிப்போர்ட். ஒவ்வொரு எஸ்எஸ்டியும் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் குறிப்பு அது. லினக்ஸில் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ என்ற கட்டளை அதைக் காட்டும். ஒரு சின்னச் சிக்கல்: நடுவில் ரெய்டு கார்டு நின்றால் வெறும் கட்டளைக்கு டிரைவ் கண்ணில் படாது. ‘ஒன்றும் தெரியலையே, அப்போ எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று விட்டுவிடுகிறார்கள். கார்டு வகையைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும், அல்லது கார்டு கம்பெனியின் சொந்தக் கருவியைப் பயன்படுத்த வேண்டும்.

அந்த ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஓடிய மணி நேரமும் ஃபார்ம்வேர் எண்ணும். இரண்டையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலுக்கு எச்சரிக்கை இருக்கிறதா என்று தேட வேண்டும். இது 5 நிமிட வேலை. இந்த விளக்கம் முழுவதிலும் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யலாம்.

‘பர்சன்டேஜ் யூஸ்டு’ என்ற வரி பலரைப் பயமுறுத்தும். அது 100-ஐத் தாண்டினால் டிரைவ் செத்தது என்று பொருளில்லை. கம்பெனி உறுதி கொடுத்த எழுதும் அளவு தீர்ந்தது என்று பொருள். அதைவிடக் கவனிக்க வேண்டியது ‘அவெய்லபிள் ஸ்பேர்’, அதாவது கெட்டுப்போன அறைகளுக்குப் பதிலாக வைத்திருக்கும் உதிரி அறைகள். அது மளமளவென்று குறைந்தால் நாள் எண்ணத் தொடங்கலாம். ‘மீடியா எரர்’ எண் ஏறிக்கொண்டே போனாலும் அப்படித்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் சர்வர் மந்தமா? டிரைவ் நிரம்பிப் போயிருக்கலாம். எஸ்எஸ்டிக்குக் கொஞ்சம் காலி இடம் இருந்தால்தான் மூச்சு விட முடியும். அல்லது சூடு. என்விஎம்இ ரக டிரைவ்கள் சுமார் 70 டிகிரியைத் தாண்டினால் பல மாடல்களில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏசி கெட்டுப்போன சர்வர் அறையில் ‘சாஃப்ட்வேர் ஸ்லோ’ என்று புலம்புவதில் பொருளில்லை.

டிரைவ் ‘படிக்கலாம், எழுத முடியாது’ என்ற நிலைக்குப் போனால் அது கெட்ட செய்திக்குள் ஒரு நல்ல செய்தி. உடனே நகல் எடுத்துவிட வேண்டும். ரீஸ்டார்ட் மட்டும் பண்ணக் கூடாது. ‘டெக் ரிப்போர்ட்’ என்ற தளம் 2013 முதல் 2015 வரை 6 எஸ்எஸ்டிகளைச் சாகும் வரை எழுதிச் சோதித்தது. அதில் ஓர் இன்டெல் டிரைவ் சுமார் 700 டெராபைட் எழுதிய பிறகு எழுதுவதை நிறுத்தியது. அணைத்துப் போட்டதும் அது திரும்ப எழவே இல்லை. ‘ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற நம் ஊர் கைவைத்தியம் இங்கே விஷம்.

புது டிரைவ் போட்டு ரெய்டை மறுபடி கட்டும் வேலையும் அப்படித்தான். கட்டும்போது மிச்சம் இருக்கும் டிரைவ்கள் முழுவதையும் முனையில் இருந்து முனை வரை படித்தாக வேண்டும். அதுவரை யாரும் தொடாத மூலையில் இருக்கும் பிழை அப்போதுதான் வெளியே வரும். கூகுள் டேட்டா சென்டர்களில் 6 ஆண்டுகள் ஓடிய எஸ்எஸ்டிகளை டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூகுளோடு சேர்ந்து அலசி 2016-ல் வெளியிட்டனர். முதல் 4 ஆண்டுகளில் 20 முதல் 63 சதவீத டிரைவ்கள் ஒரு தடவையாவது திருத்த முடியாத பிழையைக் காட்டின. முழுசாகச் சாவது ஹார்டு டிஸ்க்கைவிடக் குறைவு, ஆனால் சத்தமில்லாமல் சில பக்கங்களைத் தொலைப்பது அதிகம். அதனால் முதலில் நகல், அப்புறம்தான் மறுகட்டுமானம்.

‘அப்டேட் போட்டா எஸ்எஸ்டி போயிடும்’ - உண்மையா?

2025 ஆகஸ்டில் ஒரு பரபரப்பு கிளம்பியது. விண்டோஸ் 11-க்கு வந்த ஒரு மாதாந்திர அப்டேட், பெரிய ஃபைல்களை எழுதும்போது எஸ்எஸ்டியைக் காணாமல் ஆக்குகிறது என்று ஜப்பானில் தொடங்கிய புகார் உலகம் சுற்றியது. கன்ட்ரோலர் தயாரிக்கும் ஃபைசன் நிறுவனம் 4,500 மணி நேரத்துக்கும் மேல் சோதித்தும் அந்தக் கோளாறை மறுபடி வரவைக்க முடியவில்லை என்றது. அப்டேட்டுக்கும் இதற்கும் தொடர்பு தென்படவில்லை என்று மைக்ரோசாஃப்ட்டும் சொன்னது.

அது வீட்டுக் கணினி விவகாரம். ஆனால் அந்தப் பயம் சர்வர் அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘ஓடுற வண்டியைத் தொடாதே’ என்பது அங்கே எழுதப்படாத சட்டம். 32,768 மணி நேர விவகாரத்தில் தொடாமல் விட்ட வண்டிதான் நின்றது. பேக்கப் எடுத்துவிட்டு, ஒரு டிரைவில் போட்டுப் பார்த்து, அது சரியாக எழுந்த பிறகு அடுத்தது என்று போனால் ஃபார்ம்வேர் அப்டேட்டில் பயப்பட அதிகம் இல்லை.

கரண்ட் கட்டானால்?

தாலுகா ஊர்களில் பெரிய டேட்டா சென்டர் இல்லை. தனியார் மருத்துவமனை, கல்லூரி, நகைக்கடை, ஆடிட்டர் அலுவலகம் போன்ற இடங்களில் ‘சர்வர்’ என்று சொல்லப்படுவது பல நேரம் மூலையில் நிற்கும் ஒரு சாதாரண டெஸ்க்டாப். அதற்குள் வீட்டு ரக எஸ்எஸ்டி. இதில் பெரிய எதிரி மின்வெட்டு.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், சர்வர் ரக எஸ்எஸ்டியில் இருக்கும் சின்ன மின்தேக்கிகள் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்குச் சக்தி கொடுக்கும். வீட்டு ரகத்தில் பெரும்பாலும் அது கிடையாது. 2013-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 15 எஸ்எஸ்டிகளை வேண்டுமென்றே திடீர் மின்வெட்டுக்கு உட்படுத்தினார்கள். 13 டிரைவ்களில் ஏதோ ஒரு வகைக் கோளாறு வந்தது. ஒன்று முழுசாகவே போனது. ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் ‘அன்சேஃப் ஷட்டவுன்’ என்ற வரியைப் பார்த்தால் அந்த டெஸ்க்டாப் எத்தனை முறை இப்படி அடி வாங்கியது என்று தெரியும். எண் நூற்றைத் தாண்டினால் யுபிஎஸ் பேட்டரியை மாற்றும் நேரம் எப்போதோ போய்விட்டது.

ராஜாராம் செய்த பேக்கப்

எந்தச் சோதனையும் பலிக்காத நாள் ஒன்று வரும். அன்றைக்கு வேறு இடத்தில் ஒரு நகல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கணினித் துறை இதை ‘டிஆர்’, பேரிடர் மீட்பு என்கிறது. செஞ்சிக்காரர்களுக்கு இதை விளக்க வெளியே போக வேண்டியதில்லை. 1689-ல் முகலாயர் படை ராய்கட்டைச் சூழ்ந்தபோது மராட்டிய அரசர் ராஜாராம் அங்கிருந்து தப்பி, பல நூறு மைல் தெற்கே செஞ்சிக்கு வந்து இங்கிருந்து அரசை நடத்தினார். தலைமையிடம் போனது, அரசு போகவில்லை. 1698-ல் செஞ்சியும் விழுந்தபோது அவர் அதற்கு முன்பே மகாராஷ்டிரம் திரும்பக் கிளம்பிவிட்டார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இந்தக் கோட்டை ஒரு காலத்தில் ஓர் அரசின் டிஆர் மையம் என்று சொன்னால் மிகையில்லை.

இன்றைய உதாரணமும் தமிழ்நாட்டைத் தொடுகிறது. 2021 பிப்ரவரி 24 அன்று தேசிய பங்குச் சந்தையில் காலை 11.40-க்கு வர்த்தகம் நின்றது. டெலிகாம் லைன்களில் வந்த தடுமாற்றம், சந்தையின் சேமிப்பக அமைப்பை எட்ட முடியாமல் செய்தது; அதனால் ரிஸ்க் கணக்கிடும் அமைப்பு நின்றது. இங்கே எந்த எஸ்எஸ்டியும் சாகவில்லை. ஆனால் சேமிப்பகம் கைக்கு எட்டாவிட்டால் என்ன ஆகும் என்று நாடு பார்த்தது. மாலை 3.45-க்குத்தான் மறுபடி தொடங்க முடிந்தது. பங்குச் சந்தையின் டிஆர் மையம் சென்னையில் இருந்தும் ஏன் அங்கே மாறவில்லை என்ற கேள்வி அன்றே எழுந்தது. அடுத்த மாதமே செபி விதியை இறுக்கியது: முக்கிய அமைப்பு முடங்கினால் 30 நிமிடத்துக்குள் ‘பேரிடர்’ என்று அறிவிக்க வேண்டும், அறிவித்து 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்துக்குப் போயாக வேண்டும். 2024 மார்ச் 2, சனிக்கிழமை, மாற்று மையத்துக்கு மாறிப் பார்ப்பதற்கென்றே சிறப்பு வர்த்தகம் நடத்தினார்கள். டிஆர் மையம் கட்டுவதைவிட முக்கியம் இந்த ஒத்திகை.

ஒத்திகையும் நகலும் இல்லாத இடங்களில் என்ன நடந்தது? இலங்கையில் 2023 ஆகஸ்டில் அரசு கிளவுட் மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு மின்னஞ்சல்கள் போயின. அந்தக் காலத்துக்கு பேக்கப் இல்லை. தென்கொரியாவின் டேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் ஆவணங்களைச் சேமிக்கும் ‘ஜி-டிரைவ்’ அமைப்பில் இருந்த 858 டெராபைட் தகவல் சாம்பல். அளவு பெரிது என்பதால் வெளியே நகல் வைக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். தொழில்நுட்பத்தில் உலகுக்கே பாடம் எடுக்கும் நாடு அது.

விலை ஏறும் நேரம்

இப்போது இதைப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் இருந்து விலை ஏறத் தொடங்கியது. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சாதாரண வாடிக்கையாளர்களுக்கான ‘க்ரூஷியல்’ வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. புது டிரைவ் விலை ஏறினால் சின்ன அலுவலகங்கள் இரண்டு வேலை செய்யும். பழையதை இன்னும் ஒரு வருடம் இழுக்கும். இல்லையென்றால் மலிவாகக் கிடைக்கும் டிரைவைத் தேடும்.

பழையதை இழுப்பவர் மணி நேரக் கணக்கைப் பார்க்க வேண்டும். 5 வருடம் தாண்டி ஓடும் சர்வரில் மேலே சொன்ன மாடல்கள் திருத்தம் போடாமல் தப்பித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பல மாதம் அணைத்து வைத்து மறுபடி ஓடவிட்ட சர்வர்கள், வேறு எங்கோ கழற்றி விற்ற டிரைவ்கள் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அவற்றின் கடிகாரம் இன்னும் அந்த எண்ணை நோக்கி ஓடிக்கொண்டிருக்கலாம்.

மலிவைத் தேடுபவருக்கு இன்னொரு பொறி. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் தொழில்நுட்ப ஊடகமான ‘ஹைஸ்’ ஒரு மோசடியை வெளியே கொண்டுவந்தது. புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் ஹார்டு டிஸ்க்குகள் ஏற்கெனவே பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை. ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் மணி நேரத்தைச் சுழியமாக்கி விற்றிருக்கிறார்கள். சீகேட் தனியாக எழுதி வைக்கும் ‘ஃபார்ம்’ என்ற இன்னொரு குறிப்பைத் திறந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அது ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டியிலும் மணி நேரத்தை மட்டும் பார்த்து ஏமாறாமல் இருக்க, டிரைவில் மொத்தம் எழுதிய அளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சீரியல் நம்பரைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டால் வாரன்டி எப்போது தொடங்கியது என்று வந்துவிடும். பில் போடுவதற்கு முன்னால், கடையிலேயே, போனிலேயே பார்த்துவிடலாம்.